வெள்ளைக்காரனுக்கு மார்கழி தெரியாது

தம்பி, உந்தக் கக்கூஸ் கதவை ஒருக்கா இழுத்துச் சாத்திவிடுங்கோ. விக்டோரியாவில பஸ் ஏறினதிலயிருந்து உந்த மணம். நான் போய் டிரைவரிட்டச் சொன்னனான். தோளை ஒருக்கா உயத்திப்போட்டுத் திரும்பவும் ரோட்டைப் பாக்கிறான். பிரெஞ்சுக்காரனாத்தான் இருக்கும். அவங்களுக்கு அதுதான் மறுமொழி. பாரிஸ் போய்ச் சேருமட்டும் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

நீங்கள் தமிழ் எண்டு கண்டவுடன விளங்கீட்டுது. கையில சிவப்புப் பாஸ்போட். பிரான்ஸோ? அங்கயே பிறந்தவரோ? நல்லது. அப்பா ஊரில எவடம்? புங்குடுதீவோ. ஓம், பாரிஸில அரைவாசி புங்குடுதீவுதானே. நான் நீர்வேலி. லண்டனுக்கு வந்து முப்பத்தஞ்சு வருசமாச்சு, ஹரோவில இருக்கிறன். என்ர பாஸ்போட்டைப் பாருங்கோ, நீலம். முந்தி இதுவும் உங்கட மாதிரிச் சிவப்புத்தான். ஐரோப்பாவை விட்டு நாங்கள் விலகினாப் பிறகுதான் நீலமாக்கினவங்கள். எங்கட ரோட்டில முதல் ஆளாப் போய் மாத்தினது நான்.

ஓம், நான் விலகச் சொல்லித்தான் வோட்டுப் போட்டனான். என்ன சிரிக்கிறியள்? எல்லாரும் உப்பிடித்தான் சிரிக்கினம். "அண்ணை, நீங்களே அகதியா வந்தனீங்கள், நீங்கள் போய் அதுக்குப் போட்டியளோ" எண்டு கேக்கினம். நான் வந்தது வேறை தம்பி. நான் ஷெல்லடிக்குள்ளால, உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு வந்தவன். உங்கட ஆக்கள் அப்பிடியே வந்தவை? பிரான்ஸில பாஸ்போட் எடுத்து, ஜெர்மனியில பாஸ்போட் எடுத்து, ஹொலண்டில பாஸ்போட் எடுத்து, பிள்ளையள் இங்கிலிஷ் படிக்க வேணுமெண்டு சூட்கேசையும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினவை. விசா இல்லை, கேள்வி இல்லை. பிழையா எடுக்காதையுங்கோ, உங்களைச் சொல்லேல்லை. உங்கட ஆக்களைத்தான் சொல்லுறன்.

அவை வந்து என்ன நடந்தது? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில இடமில்லை. மீன்கடையில நிண்டு மீன் பாக்கேலாது, அவ்வளவு சனம். எங்கட கோயிலை எடுங்கோ. குளிருக்குள்ள வீடு வீடாப் போய்ச் சேத்து நாங்கள் எழுப்பின கோயில். நான் அதில செயலாளர். ஹொலண்டில இருந்து ஒருத்தர் வந்தார், அங்க பூக்கடையில நிண்டவராம். வந்து ரெண்டு வருசம் ஆகேல்லை, நிர்வாகசபைத் தேர்தலில தலைவர் பதவிக்கு நிண்ட என்னை விழுத்திப்போட்டுத் தான் தலைவரா வந்து இருக்கிறார். திருவிழாவுக்குப் பூ ஹொலண்டில இருந்து மலிவா எடுப்பிக்கிறாராம், சனம் அதுக்கு மயங்கிப் போச்சு. அண்டைக்குத்தான் நான் முடிவெடுத்தனான். அடுத்த வருசம் நாடு வோட்டு வைச்சது. கடவுளாப் பாத்து வைச்ச மாதிரி இருந்தது எனக்கு.

நாட்டுக்கு நன்மையோ தீமையோ எண்டு என்னைக் கேட்டால், நன்மைதான். அதில எனக்கு ஒரு சந்தேகமுமில்லை. எங்கட சட்டத்தை நாங்கள் எழுதலாம். எங்கட வாசலை நாங்கள் திறக்கலாம், பூட்டலாம். நாங்கள் விரும்பின நாட்டோட வியாபாரம் செய்யலாம். எல்லா நன்மையும் இருக்கு. என்ன, இன்னும் தொடங்கேல்லை. வெண்டிக்காய் விலை ஏறினது உண்மைதான். ஹொலண்டுப் பூ இப்ப வாறதில்லை, வந்தாலும் வாடித்தான் வருது. அதுவும் ஒருவகையில நன்மைதானே, அந்தத் தலைவர் இப்ப வாயே திறக்கிறதில்லை.

நான் வேலை செய்யேக்க ரோட்டில காருக்கு டிக்கெட் எழுதினனான். கவுன்சில் வேலை. இருபது வருசம். ஒருத்தி நிண்டு அழுதவ, தாய் ஆஸ்பத்திரியில, மருந்து எடுக்கத்தான் ஓடினனான் எண்டு. நேரம் முடிஞ்சு போச்சு, நான் எழுதிப்போட்டன். என்ன செய்யிறது? ஒரு ஆளுக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேணும். சட்டமெண்டால் எல்லாருக்கும் ஒண்டு. அதுதான் இந்த நாட்டில எனக்குப் பிடிச்ச விசயம்.

சரி, நான் சொல்ல வந்தது அது இல்லை. எனக்கு ஒரு மகள், ஆரணி. ஒரே பிள்ளை. எங்கட பக்கத்து வழமை உங்களுக்கும் தெரியுந்தானே, கலியாணம் முடிஞ்சால் மாப்பிளைதான் பொம்பிளை வீட்டுக்கு வாறது. ஊரில எண்டால் பெட்டைப்பிள்ளை பிறந்தவுடனயே வீட்டுக்கு அத்திவாரம் போடுவினம். லண்டனில எங்க போடுறது? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி செத்தவுடன, அந்த வீட்டை விழுந்தெழும்பி வாங்கிப்போட்டன். நடுவில இருந்த வேலியில ஒரு படலையும் வைச்சன். தாய் இஞ்சயிருந்து கறிச்சட்டியோட அங்க போகலாம், பேரப்பிள்ளை அங்கயிருந்து இஞ்ச ஓடிவரலாம். எனக்கு வாழ்க்கையில வேணுமெண்டு நினைச்சது அது ஒண்டுதான் தம்பி. பிள்ளை பக்கத்தில இருக்கோணும். வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை.

அவ போய்ப் பிடிச்சது ஆரைத் தெரியுமே? ஒரு பிரான்ஸ் பெடியன். பாரிஸில மச்சாளின்ர கலியாணத்தில கண்டவவாம். கீர்த்தனன் எண்டு பேர். லிஃப்ட் திருத்துற வேலை. நான் சாதகத்தை வாங்கிக்கொண்டு சாத்திரியாரிட்டப் போனனான், எங்கயாவது ஒரு பொருத்தம் பிழைக்கும் எண்டு. ஒண்டும் பிழைக்கேல்லை. குடும்பத்தை விசாரிச்சன், அதிலயும் ஒரு சொட்டை கண்டுபிடிக்கேலாமப் போச்சு. குடியில்லை, சிகரெட் இல்லை. கோயிலில தேவாரம் கூடப் பாடுவானாம். பிறகு என்ன, ஓம் எண்டுட்டன். கலியாணம் முடிய லண்டனுக்கு வந்து இருக்கோணும், அது ஒண்டுதான் என்ர கோரிக்கை எண்டன். அவனும் ஓமெண்டான்.

இல்லைத் தம்பி, அதில என்ன முரண்? பிரான்ஸ்காரர் வரக்கூடாது எண்டது பொதுவாச் சொன்னது. இவர் மாப்பிளை. இவர் வேறை.

வைகாசிக்கு நாள் வைச்சம். கொரோனா வந்து மண்டபத்தைப் பூட்டினாங்கள். ஆவணிக்கு மாத்தினம். முப்பது பேருக்கு மேல கூப்பிடக்கூடாதாம், முப்பது பேரோட கலியாணம் செய்ய நாங்கள் என்ன களவெடுத்தே செய்யிறம்? திரும்பவும் தள்ளினம். கார்த்திகையில திரும்பவும் ஊர் முழுக்கப் பூட்டு. அது திறந்து, மூச்சு விட்டு நிமிரேக்க மார்கழி பிறந்திட்டுது.

அப்பதான் சம்பந்தி போன் எடுக்கிறார். "அண்ணை, டிசம்பர் முடிஞ்சால் கதவு பூட்டுப்பட்டிடும். அதுக்கு முதல் வந்து குடியிருக்கிற ஆக்கள்தான் தொடந்து இருக்கலாமாம், பிறகு வாறவைக்கு விசா வேணுமாம். இவனை நான் இண்டைக்கே அனுப்புறன். ஒரு ஓரமா இருந்து பேப்பரை எடுக்கட்டும். கலியாணத்தைத் தையில வடிவா வைப்பம்" எண்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மார்கழி மாசத்தில எவனாவது குடிபுகுவானே? பேய் கூடப் புது வீட்டுக்குப் போகாது. அந்த வீட்டுக்கு நான் பால் காய்ச்சாமல் வைச்சிருக்கிறன், பிள்ளையும் மாப்பிளையும் சோடியா வந்து காய்ச்ச வேணுமெண்டு. இவர் தன்ர மோனை ஒரு முதுகுப் பையோட அனுப்புறாராம். தாலி கட்ட முதல் மாப்பிளை வந்து பொம்பிளை வீட்டில கிடந்தால் ஹரோவில இருக்கிற சனம் என்ன கதைக்கும்? அந்த ஹொலண்டுத் தலைவர் கோயில் மைக்கிலயே சொல்லுவார்.

"தை பிறக்கட்டும்" எண்டன். அவ்வளவுதான். வைச்சிட்டன்.

மகள் வந்து முன்னுக்கு நிண்டவ. "அப்பா, வெள்ளைக்காரனுக்கு மார்கழி தெரியாது. அவன் டிசம்பரோட பூட்டிப்போடுவான்."

"எங்களுக்குத் தெரியுந்தானே பிள்ளை" எண்டன்.

மனுசி தவமலர் என்னோட நாலைஞ்சு நாள் மல்லுக்கட்டினவ. ஐயர் வீட்டில விடுவமே, தன்ர தமக்கை வீட்டில ஒரு அறை இருக்கு, அங்க விடுவமே எண்டெல்லாம் கேட்டவ. நான் அசையேல்லை. ரெண்டு கிழமைதானே தம்பி. ரெண்டு கிழமை பிந்தினால் அரசாங்கம் என்ன குடிமுழுகிப் போகுமே எண்டு நினைச்சன். நான் பிரிட்டிஷ் பாஸ்போட்காரன், கவுன்சிலில வேலை செய்தவன், வரி கட்டினவன். என்ர மருமகன் எண்டு சொன்னால் விடுவாங்கள் எண்டு நினைச்சன். நான் போட்ட வோட்டு போறவன் வாறவனுக்குப் போட்டது. என்ர வீட்டுக்கு வாறவனுக்குப் போட்டதில்லை.

தை பிறந்தது. பொங்கிப் படைச்சிட்டு நானே சம்பந்திக்குப் போன் எடுத்து, "இப்ப அனுப்புங்கோ" எண்டன். அந்தாள், "அண்ணை, இனி நீங்கள்தான் உங்கட ராசாவிட்டக் கேட்டுச் சொல்லோணும்" எண்டார். அப்ப ராணிதான் இருந்தவ, அது கூடத் தெரியாது அந்தாளுக்கு.

விசாவுக்குப் போட வெளிக்கிட்டம். சீ, அதைப்போல ஒரு அருவருப்பு நான் காணேல்லை. ஆரணி அப்ப பாலர் பள்ளியில அரைநாள் வேலை, மிச்ச நேரம் படிப்பு. அவவின்ர உழைப்புக் காணாதாம், புருசனைக் கூப்பிட அருகதை இல்லையாம். மாப்பிளைக்கு இங்கிலிஷ் சோதினையாம். காதலிச்சதுக்குச் சாட்சி காட்டட்டாம். ரெண்டு பேரும் அனுப்பின மெசேஜ் எல்லாத்தையும் எடுத்துக் குடுக்கட்டாம். வெக்கங்கெட்ட வேலை. எவன்ர வீட்டுப் பிள்ளையின்ர மெசேஜை எவன் வாசிக்கிறது? இந்தச் சட்டமெல்லாம் ஆர் எழுதினதெண்டு எனக்கு விளங்கேல்லை.

கீர்த்தனன் என்னோட மரியாதையாத்தான் கதைச்சவன். "மாமா, எனக்கு இஞ்ச வேலை இருக்கு, இருக்க வீடு இருக்கு. வரவேண்டாம் எண்டு எழுதி ஒட்டின வாசலில நிண்டு நான் சோதினை எழுத மாட்டன். ஆரணி விரும்பினால் இஞ்ச வரட்டும்."

பாத்தியளே கொழுப்பை. பிரான்ஸ்காரருக்கு இந்த ரோசம் மட்டும் குறைவில்லை.

அவ போயிட்டா. என்ர பிள்ளை ரெண்டு சூட்கேசோட போயிட்டா. ஊர் உலகத்தில மாப்பிளை பொம்பிளை வீட்டுக்கு வாறது, என்ர பிள்ளை மாப்பிளை வீட்டுக்குப் போனா. கலியாண எழுத்து, தாலிகட்டு எல்லாம் பாரிஸில. நான் மண்டபத்தில ஒரு விருந்தாளி மாதிரி நிண்டனான். அங்கத்தை ஐயர் கூட என்னை ஆரெண்டு கேட்டவர்.

அந்தப் பக்கத்து வீட்டையோ? சும்மா பூட்டி வைக்கேலுமே, வாடகைக்கு விட்டிருக்கிறன். ருமேனியாக்காரர். புருசன், பெண்சாதி, மூண்டு பிள்ளையள். அதுகள் அதே டிசம்பர் மாசத்திலதான் ஓடி வந்து பேப்பர் எடுத்ததுகளாம். அதுகளுக்கு மார்கழி இல்லைத்தானே. வாடகை பிந்தினதில்லை, சத்தம் சந்தடி இல்லை. மனுசி பாரிஸில நிக்கிற நாளில அந்தப் பொம்பிளை படலையைத் திறந்துகொண்டு வந்து எனக்குச் சூப் வைச்சிட்டுப் போறவ. நல்ல சூப். கடைசிப் பிள்ளை என்ர மேசைக்குக் கீழதான் எந்த நேரமும் விளையாட்டு. அதுகளைப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியும் தம்பி.

என்ன, இறங்கச் சொல்லுறானே? டோவர் துறைமுகம் வந்திட்டுதோ. பாஸ்போட்டை எடுங்கோ. பையை விட்டிட்டுப் போகலாம், ஒருத்தரும் எடுக்கமாட்டினம். இந்த மணத்துக்கு ஆர் உள்ளுக்க வருவினம்.

தம்பி, ஒருக்காத் தள்ளி இருங்கோ. நீங்கள் எப்பவோ பஸ்ஸில வந்து ஏறீட்டியள் போல. கோப்பியும் குடிச்சு முடிச்சிட்டியள். சிவப்புப் பாஸ்போட்டைக் காட்டிப்போட்டு நேரே நடந்து போனதை நான் வரிசையில நிண்டு பாத்துக்கொண்டுதான் நிண்டனான். எங்களைப் பாத்தியளே? நாலு விரலையும் கண்ணாடியில வை, தொப்பியைக் கழட்டு, கமராவைப் பார். கள்ளனுக்கு எடுக்கிற மாதிரிக் கைரேகை எடுக்கிறாங்கள். எனக்கு முன்னுக்கு நிண்ட வெள்ளைக்காரக் கிழவன் வாய்க்குள்ள தூசணத்தால பேசிக்கொண்டு நிண்டான். அவனும் விலகத்தான் போட்டிருப்பான், முகத்தைப் பாக்கத் தெரியுது.

நான் எதுக்குப் போறன் எண்டு உங்களுக்குச் சொல்லேல்லை என்ன. மகளுக்கு ரெண்டாவது பிள்ளை பிறந்திருக்கு. வயித்தை வெட்டித்தான் எடுத்தவை. காயம் ஆறேல்லை, எழும்பி நடக்கக் கரைச்சல். மூத்தவளுக்கு மூண்டு வயசு, அவளைப் பிடிக்க ஒரு ஆள் வேணும். தவமலர்தான் அங்க நிண்டு பாக்கிறா. பிள்ளை வயித்தில இருக்கேக்கயே போனவ. போகேக்க கொண்டுபோன முருங்கையிலையையும் நெய்யையும் பிரான்ஸ் பக்கத்துக் கலே துறைமுகத்தில பறிச்சுக் குப்பைத் தொட்டியில போட்டவங்கள், பால்குடுக்கிற பிள்ளைக்கு எண்டு அவ தானே உருக்கின நெய். எங்கட பாஸ்போட்டுக்குத் தொண்ணூறு நாள்தான் நிக்கலாம். அதுக்குப் பிறகு வெளிக்கிட்டு வந்து வெளியில கிடந்து, பேந்துதான் போகலாம். அவவின்ர நாள் இந்தக் கிழமையோட முடியுது. நான் அவவைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போறன். அவ வரமாட்டன் எண்டு நிக்கிறா.

அந்தக் கண்ணாடிக்குள்ள இருந்த பிரெஞ்சுக்காரனிட்ட இப்ப கேட்டுப் பாத்தனான். தாழ்மையாத்தான் கேட்டனான். ஐயா, என்ர மனுசி உங்கட நாட்டில நிக்கிறா, மகளுக்கு ஒப்பரேசன், கைக்குழந்தை, இன்னும் ரெண்டு மாசம் நிக்க ஏதாவது வழி இருக்கோ எண்டு. அவன் என்ர முகத்தைக் கூடப் பாக்கேல்லை. எல்லாருக்கும் ஒரே சட்டமாம். நாளை மிசின் எண்ணுதாம், தான் எண்ணுறதில்லையாம். அடுத்த ஆள் எண்டு கையைக் காட்டினான். தாய், பிள்ளை, சத்திரசிகிச்சை, ஒண்டும் அவன்ர காதில ஏறேல்லை. முகத்தில ஒரு ஈரம் இல்லை தம்பி. இப்பிடிப்பட்ட மனுசரை உந்த வேலைக்கு எங்க தேடிப் பிடிக்கிறாங்களோ தெரியாது.

பொறுங்கோ, அவதான் எடுக்கிறா.

ஓம், சொல்லும். டோவரில. இப்பதான் பாத்து முடிஞ்சுது. கேட்டனான். ஏலாதாம். நான் சொன்னனான்தானே. இஞ்சேரும், விசர்க்கதை கதையாதையும். மிசின் பிடிச்சுக் குடுக்கும். பேந்து உள்ளுக்கு வரவிடாமல் தடை போடுவாங்கள். என்ன? என்ன சொல்லுறீர்? திரும்பச் சொல்லும். பின்னுக்கு ஆர் அழுறது, சின்னவனே? ம். ம். சரி, வையும்.

கேட்டியளே தம்பி, அவ சொன்ன கதையை. "வெளியில போனால்தானே உள்ளுக்கு வரத் தடை போடுவாங்கள், நான் வெளியில போகேல்லை" எண்டுறா. அறுபத்திரண்டு வயசில கள்ளமா நிக்கப் போறாவாம். பொலிஸ் வந்தால் பேரப்பிள்ளையைக் கையில குடுத்திட்டுத்தான் போவாவாம். பேந்து சொல்லுறா, "நீங்கள் வந்து பிள்ளையளைப் பாத்திட்டு, உங்கட நாள் முடிய வெளிக்கிடுங்கோ. உங்கட நாடு உங்களுக்கு இருக்குத்தானே" எண்டு.

உங்கட நாடாம். நாப்பது வருசம் ஒரு பானையில சாப்பிட்ட மனுசி சொல்லுற கதையே இது? அது என்ன என்ர நாடு, உன்ர நாடு? நானும் அவவும் ஒரே நாளில, ஒரே விமானத்தில வந்து இறங்கினனாங்கள். ஒரு மாதிரியாக் கிடக்கு எனக்கு. எல்லாத்தையும் பாக்க அருவருக்குது. இந்த நாட்டையும், உங்கட நாட்டையும், அந்தக் கண்ணாடிக்காரனையும், சம்பந்தியையும், எல்லாரையும்.

இல்லை, வோட்டைப் பற்றி நான் ஒண்டும் மாத்தி யோசிக்கேல்லை. நாளைக்குத் திரும்ப வைச்சாலும் அதையேதான் போடுவன். கொள்கை கொள்கைதான். அது வேறை.

கப்பலுக்குள்ள பஸ்ஸை ஏத்துறான் போல. தம்பி, நீங்கள் அங்க பிறந்து வளந்த பிள்ளை, உங்களுக்கு உந்த அலுவல்கள் தெரிஞ்சிருக்கும். பாரிஸில எங்கட தமிழ்க் கடைத்தெரு, லாச்சப்பலில உந்தப் பேப்பர் வேலை செய்து குடுக்கிற ஆக்கள் இருக்கினமாம் எண்டு கேள்விப்பட்டனான். வயசு போன ஆக்கள் பிரான்ஸில நிரந்தரமா வந்து இருக்கிறதெண்டால் என்ன வழி? பாஷை தெரியவேணுமே? சோதினை ஏதும் வைப்பாங்களே? எழுதலாம், நான் அதுக்கு ஒண்டும் பின்வாங்க மாட்டன், இருந்து படிப்பன்.

இல்லைத் தம்பி, அவவுக்கு இல்லை. எனக்குத்தான்.